காத்தவராயனாக நின்ற சிலம்பக்காரர்: பி.யு. சின்னப்பாவின் வாழ்க்கை

தமிழ் சினிமாவின் முதல் தலைமுறை நாயகர்கள் என்றால் உடனே நினைவுக்கு வரும் பெயர் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவருக்குச் சமமாக, சில ஆண்டுகள் அவரையும் தாண்டி நின்றவர் பி.யு. சின்னப்பா. பாகவதர் பாட்டால் வந்தவர். சின்னப்பாவுக்குப் பாட்டும் இருந்தது, கம்பும் இருந்தது. சிலம்பம், கத்திச்சண்டை, மல்யுத்தம், பளு தூக்குதல் என்று உடம்பை வளர்த்துப் போட்டிகளில் பரிசு வாங்கிய ஒருவர் வெள்ளித்திரையின் நாயகனான கதை இது. 35 வயதில் முடிந்துபோன கதையும்கூட.

தலித் பகுதியில் இவரைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சின்னப்பா நம் சேரியில் பிறந்தவர் அல்லர். தந்தையின் பெயரோடு பிள்ளை என்ற பட்டம் ஒட்டியிருந்தது. ஆனால் 1941-ல் அவர் ஏற்ற ஒரு வேடம் நம்முடையது. கழுவில் ஏற்றப்பட்ட காத்தவராயன் வேடம். அந்த வேடத்தில் அவரைப் பார்த்துத் தமிழ்நாடு கைதட்டியது. அந்தக் கைதட்டலில் நமக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது என்ன என்று பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

(பெயர்க் குழப்பம் வேண்டாம். முருகன் படங்களும் யானைப் படங்களும் எடுத்த சாண்டோ சின்னப்பா தேவர் வேறு ஒருவர், கோயம்புத்தூர்க்காரர். நாம் பேசுவது புதுக்கோட்டைச் சின்னப்பாவைப் பற்றி.)

நான்காம் வகுப்போடு நின்ற பிள்ளை

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அங்கே 1916 மே 5-ல் உலகநாத பிள்ளைக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சின்னப்பா. தந்தை நாடக நடிகர். பெயரின் முன்னால் இருக்கும் எழுத்துகள் புதுக்கோட்டையையும் உலகநாதனையும் குறிப்பவை. நாடகக்காரர் வீட்டு வருமானம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பையனின் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது.

பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையை மேடை எடுத்துக்கொண்டது. சின்ன வயதிலேயே 'சதாரம்' நாடகத்தில் திருட்டுப் பையன் வேடம் கட்டினார் என்பார்கள். பிறகு சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சேர்ந்தார். சில மாதங்களில் அங்கிருந்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு மாறினார். மாதம் 15 ரூபாய்க்குச் சேர்ந்த பையன், பாடிக் காட்டியதும் 75 ரூபாய்க்கு உயர்ந்தான் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

இந்தப் பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்வார்கள். சோறு, தங்க இடம், கொஞ்சம் சம்பளம். அதற்குப் பதிலாக விடியலில் எழுந்து பாட்டு, பகலெல்லாம் வசனம், இரவெல்லாம் நாடகம். பாடம் தவறினால் அடி விழும். இன்றைய சட்டப்படி அது குழந்தைத் தொழில். ஆனால் அந்தக் கொட்டகைகளிலிருந்துதான் தமிழ் சினிமாவின் ஒரு தலைமுறையே வந்தது. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பா ராஜபார்ட் கட்டிய நாட்களில், அவரோடு சிறு வேடங்கள் கட்டிய சிறுவர்களில் ஒருவர் எம்.ஜி. ராமச்சந்திரன். காளி என். ரத்தினமும் அங்கே இருந்தார்.

பிறகு ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் நேர்வது சின்னப்பாவுக்கும் நேர்ந்தது. குரல் உடைந்தது. குரல் உடைந்த பிள்ளைக்குக் கம்பெனியில் மதிப்பில்லை. ஊர் திரும்பினார்.

கம்பு பிடித்த கை

வேறொருவராக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சின்னப்பா இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றுக் கச்சேரி செய்யும் அளவுக்குத் தேறினார். இன்னொன்று, உடம்பைக் கட்டினார். சிலம்பம் கற்றார். சுருள்கத்தி வீசப் பழகினார். குஸ்தி போட்டார். பளு தூக்கினார். புதுக்கோட்டைப் பக்கத்தில் அவர் பெயர் முதலில் பரவியது நடிகராக மட்டும் அல்ல, பரிசு வாங்கும் பயில்வானாகவும்தான். சிறப்பு நடிகராக அழைக்கப்பட்டு இலங்கை வரை போய் நடித்தபோதும், அவர் மேடையேறினால் கம்பு சுற்றுவதையோ கத்தி வீசுவதையோ பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது.

அது உடற்பயிற்சி மோகம் பிடித்திருந்த காலம். ஜெர்மனியில் பிறந்து உலகம் சுற்றிய யூஜின் சாண்டோ என்ற பலசாலி, 1904–05-ல் இந்தியாவுக்கு வந்து போயிருந்தார். அவர் போன பின்னும் அவர் பெயர் இங்கே தங்கிவிட்டது. ஊருக்கு ஒரு சாண்டோ முளைத்தார். அப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர்களில் ஒருவர் இதே புதுக்கோட்டையைச் சேர்ந்த நாகலிங்கம். உடற்பயிற்சி வீரராக இருந்து பம்பாய் போய், மௌனப் படங்களில் சண்டைக்காரராகச் சேர்ந்து, நாயகனாகி, இயக்குநராகவும் ஆனவர். அவர்தான் ராஜா சாண்டோ. சினிமா பேசாத காலத்தில் நடிகனுக்கு முகவரி குரல் அல்ல, உடம்பு. அந்த வழியில் புதுக்கோட்டையிலிருந்து முதலில் போனவர் ராஜா சாண்டோ. இரண்டாவதாகப் போனவர் சின்னப்பா.

இங்கே ஒரு கணம் நிற்போம். உடம்பு எல்லோருக்கும் உண்டு. வயலில் உழைத்து உரமேறிய உடம்பு நம் மக்களிடம் இருந்ததுபோல் வேறு யாரிடமும் இல்லை. சிலம்பம் தெரிந்த ஆசான்களும் நம் தெருக்களில் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் அந்த உடம்புக்குப் பரிசு கிடைக்கும் மைதானத்தின் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை.

பல்வங்கர் பாலு என்ற கிரிக்கெட் வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். சாமர் சாதியில் பிறந்து, புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப் மைதானத்தைச் சமன்படுத்தும் வேலை பார்த்து, அவர்களுக்குப் பந்து வீசிப் பழகியவர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்து அணிக்காக விளையாடினார், வெற்றி தேடித் தந்தார். ஆனால் அவரை ஒருபோதும் கேப்டன் ஆக்கவில்லை. தேநீர் இடைவேளையில் சக வீரர்கள் உள்ளே உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் உடைத்துப்போடும் மண் குவளையில். பீங்கானுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தில் இருக்கும் நமக்கு அந்த இரண்டு கோப்பைகளுக்கும் உள்ள தூரம் புரியும். இரண்டும் மண்தான். ஒன்று கழுவி வைப்பதற்கு, ஒன்று உடைத்து எறிவதற்கு.

உடம்பை நம்பிக் களம் இறங்கிய இரண்டு பேர். புதுக்கோட்டைக்காரருக்கு உடம்பு ஏணியானது. பாலுவுக்கு ஏணியின் கடைசிப் படி வெட்டப்பட்டிருந்தது. சின்னப்பாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு முன்னால் இருந்த பாதையைச் சரியாக அளந்து பார்க்கவே எழுதுகிறேன்.

திரைக்கு வந்த கதை

1936-ல் ஜூபிடர் நிறுவனத்தின் 'சந்திரகாந்தா' படம் வந்தது. ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல். மடத்துச் சாமியார் ஒருவரின் பித்தலாட்டத்தைத் தோலுரிக்கும் கதை. இயக்கியவர் ராஜா சாண்டோ. புதுக்கோட்டைக்காரர் படத்தில் புதுக்கோட்டைக்காரர் இளவரசனாக வந்தார். சின்னப்பாவின் சினிமா வாழ்க்கை அங்கே தொடங்கியது.

தொடக்கம் நன்றாக இருந்தாலும் தொடர்ச்சி அப்படி இல்லை. 'ராஜமோகன்', 'அனாதைப் பெண்', 'யயாதி', 'பஞ்சாப் கேசரி', 'மாத்ருபூமி' என்று படங்கள் வந்தன. எதுவும் அவரை உச்சிக்குக் கொண்டுபோகவில்லை. வாய்ப்பு நின்றது. ஊருக்குத் திரும்பி, விரதமும் மௌனமுமாக இருந்தார், துறவியாகிவிடும் எண்ணம்கூட இருந்தது என்பார்கள். அப்போது அவருக்கு வயது 24-கூட ஆகவில்லை.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அவரைத் தேடி எடுத்தார். 1940-ல் 'உத்தமபுத்திரன்' வந்தது. தமிழ்ப் படத்தில் ஒரே நடிகர் இரண்டு வேடங்களில் நாயகனாக நடித்த முதல் படம் என்று அதைச் சொல்வார்கள். இரட்டைப் பிறவிகளான இரண்டு இளவரசர்கள், ஒருவன் கொடியவன், ஒருவன் நல்லவன். பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாடு இன்னும் வேரூன்றாத காலம். நடிகரே பாட வேண்டும். அவரே வசனம் பேச வேண்டும். அவரே கத்தி எடுத்துச் சண்டை போட வேண்டும். மூன்றையும் செய்ய ஒருவர் இருந்தார். படம் பெரும் வெற்றி பெற்றது.

கழுமரத்து நாயகன்

அடுத்த ஆண்டு, 1941-ல், 'ஆரியமாலா'. கோயம்புத்தூர் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா நிறுவனத்தின் படம். நாயகி எம்.எஸ். சரோஜினி. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் உண்டு. சின்னப்பா காத்தவராயன்.

காத்தவராயன் கதையை நம் பெரியவர்கள் அறிவார்கள். பறையர் குடியில் வளர்ந்தவன். அழகன், வீரன், வித்தைக்காரன். ஆரியப்ப ராஜனின் ஆதரவில் வளர்ந்த பிராமணப் பெண் ஆரியமாலாவின் மேல் ஆசை வைத்தான். தடுத்தும் கேட்கவில்லை. முடிவில் கழுவில் ஏற்றப்பட்டான். செத்தவனைக் கும்பிடத் தொடங்கினார்கள். காவிரிக் கரை ஊர்களில் மாரியம்மன் கோயிலின் காவல் தெய்வமாக அவன் இன்றும் நிற்கிறான். கழுமரம் நட்டு, அவன் ஏறிய ஏற்றத்தைத் திருவிழாவில் நடத்திக் காட்டும் ஊர்கள் உண்டு. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கூத்து இன்றும் நடக்கிறது.

ஆனால் கதை நம்மிடம் வந்த வடிவத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. காத்தவராயன் உண்மையில் பறையன் அல்லன், சிவனுக்கும் பார்வதிக்கும் உரிய பிள்ளை, சாபத்தால் மண்ணில் பிறந்தவன் என்று கதை சொல்கிறது. ஆரியமாலாவும் தேவலோகத்துப் பெண். ஆகவே இருவரும் சேர்வதில் குற்றம் ஒன்றும் இல்லை. கழுவேற்றமும் சாப விமோசனம்தான்.

நாட்டார் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த பேராசிரியர் நா. வானமாமலை இந்த முடிச்சை அவிழ்த்தார். 1970-களின் தொடக்கத்தில் காத்தவராயன் கதைப்பாடலை மதுரைப் பல்கலைக்கழகம் வழியாகப் பதிப்பித்தவர் அவர். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த ஒருவன் மேல்சாதிப் பெண்ணை மணக்க முயன்று கொல்லப்பட்டான். மக்கள் அவனை மறக்கவில்லை, பாடினார்கள். அந்தப் பாட்டை அழிக்க முடியாதபோது, அவனுடைய பிறப்பை மாற்றிவிட்டார்கள். தெய்வப் பிறப்பு என்ற பகுதி பின்னால் ஒட்டப்பட்டது. அவருடைய ஆய்வின் சாரம் இதுதான்.

நம் ஊர்ப் பீங்கான் பட்டறையில் அச்சு வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். களிமண் கூழை எந்த பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறோமோ அந்த உருவம்தான் வெளியே வரும். மண் என்ன மண் என்று பொம்மையைப் பார்த்தால் தெரியாது. மேலே பளபளவென்று மெருகு ஏற்றிவிட்டால் சுத்தமாகவே தெரியாது. காத்தவராயன் நம் மண். சாபக் கதை என்ற அச்சில் ஊற்றி எடுத்ததும் அவன் கைலாசத்துப் பிள்ளை ஆகிவிட்டான். மேடை நாடகத்திலும் பெரிய எழுத்துப் புத்தகத்திலும் நிலைத்திருந்தது இந்த உருவம்தான். சினிமாவுக்குப் போனதும் இதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆரியமாலா உறங்கும்போது மாயம் செய்து தாலி கட்டினான் என்று பாடும் வடிவங்கள் உண்டு. அவள் மனம் என்ன நினைத்தது என்று கதை கேட்பதே இல்லை. பெண்ணின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்காத கதையை நம்முடையது என்பதற்காக அப்படியே தூக்கிப் பிடிக்க முடியாது. அதையும் திருத்தித்தான் படிக்க வேண்டும்.

வேடத்துக்குக் கிடைத்த மாலை, ஆளுக்கு விழுந்த கல்

'ஆரியமாலா' வெற்றி பெற்றது. சின்னப்பாவுக்கு ஊர் ஊராக மாலை விழுந்தது. இதே காலத்தை ஒட்டி நடந்த இன்னொரு கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சின்னப்பா பாய்ஸ் கம்பெனியில் பையனாக இருந்த காலம். திருவனந்தபுரத்தில் ஜே.சி. டேனியல் மலையாளத்தின் முதல் மௌனப் படமான 'விகதகுமாரன்' எடுத்தார். அவரும் களரியிலும் வாள்வீச்சிலும் மோகம் கொண்டவர்தான். அந்தப் படத்தில் நாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண். அவர் ஏற்ற வேடம் ஒரு நாயர் பெண். படம் திரையிடப்பட்டபோது, புலையப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கூட்டம் கொதித்தது. திரையில் கல் விழுந்தது. அவருடைய குடிசை எரிக்கப்பட்டது. அவர் ஊரை விட்டே ஓடித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, பெயர் மாற்றிக்கொண்டு, தான் நடிகை என்பதையே சொல்லாமல் வாழ்ந்து மறைந்தார். அவர் நடித்த அந்தப் படத்தின் சுருள்கூட இன்று இல்லை.

மேல்சாதி நடிகர் தாழ்த்தப்பட்டவனாக நடித்தால் கலை. தாழ்த்தப்பட்ட பெண் மேல்சாதிப் பெண்ணாக நடித்தால் குற்றம். இந்த அநியாயத்தைச் சின்னப்பா உண்டாக்கவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த மாலையின் கனத்தை ரோசியின் மேல் விழுந்த கல்லோடு சேர்த்துத்தான் நிறுக்க முடியும்.

தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர்கள்

இதற்கு மறுபக்கமும் உண்டு. இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி சினிமாக் கொட்டகையைப் பற்றி ஒரு முக்கியமான செய்தியை எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் எல்லாச் சாதியினரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான். கோயிலில் அந்தச் சமத்துவம் இல்லை. சபையில் இல்லை. கொட்டகையில் பிறப்பைக் கேட்கவில்லை, காசைக் கேட்டார்கள். காசு கொடுத்தவர்களில் யார் தரையில், யார் நாற்காலியில் என்பதை டிக்கெட் முடிவு செய்தது.

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-ல். அதற்கு இரண்டு ஆண்டுகளில் 'ஆரியமாலா' வருகிறது. கோயில் கதவு இன்னும் பல ஊர்களில் மூடிக் கிடந்தபோது, கொட்டகைக்குள் மணல் குவித்து உட்கார்ந்த கூலிக்காரர் தன் குலசாமி திரையில் பாடுவதைப் பார்த்தார். திரையில் நிற்பவர் பிள்ளையா முதலியாரா என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. கம்பு சுற்றத் தெரிந்த, கட்டான உடம்போடு ஒருவர் காத்தவராயன் என்ற பெயரில் தலை நிமிர்ந்து நிற்கிறார். அது போதுமானதாக இருந்தது. ஒல்லியான, மென்மையான பாகவதர் ஒருவர் அந்த வேடம் கட்டியிருந்தால் அது இப்படி ஒட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான். சிலம்பக்காரரின் உடம்பு அந்த வேடத்துக்கு உண்மை கொடுத்தது. அந்த நன்றியை நாம் சின்னப்பாவுக்குச் சொல்லியாக வேண்டும்.

உச்சியும் சரிவும்

1942 சின்னப்பாவின் ஆண்டு. பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தைத் தழுவிய 'மனோன்மணி' படத்தில் டி.ஆர். ராஜகுமாரியோடு நடித்தார். 'பிருதிவிராஜன்' வந்தது. 'கண்ணகி' வந்தது. இளங்கோவன் வசனம் எழுதிய அந்தப் படத்தில் கண்ணாம்பா கண்ணகி, சின்னப்பா கோவலன். விசாரிக்காமல் கொல்லப்பட்டவனின் வேடம் அவருக்கு ஆண்டு தவறாமல் வந்தது என்றுகூடச் சொல்லலாம். 1944-ல் 'ஜகதலப்பிரதாபன்'. ஒரே காட்சியில் பாடகரும் அவரே, பக்கவாத்தியம் வாசிப்பவர்களும் அவரே. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கேமராவைக் கொண்டே செய்த வித்தை அது. அதைப் பார்க்கவே கூட்டம் திரும்பத் திரும்ப வந்தது.

'பிருதிவிராஜன்' படத்தில் உடன் நடித்த ஏ. சகுந்தலாவை 1944-ல் மணந்தார். அதே ஆண்டின் இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-ல் அவர் விடுதலையாகும் வரை சின்னப்பாவுக்குப் போட்டி என்று சொல்லும்படி யாரும் இல்லை. வருமானம் கொட்டியது. வந்த பணத்தில் சொந்த ஊரில் வீடு வீடாக வாங்கினார். இனி அவருக்கு வீடு விற்கக்கூடாது என்று சமஸ்தானத்திலிருந்தே உத்தரவு போடும் அளவுக்கு வாங்கினார் என்று புதுக்கோட்டையில் சொல்வார்கள். நான்காம் வகுப்போடு படிப்பை விட்ட நாடகக்காரர் மகன், தான் பிறந்த ஊரையே விலைக்கு வாங்க முயன்றதாக அந்தக் கதை ஆகிவிட்டது. வறுமையைப் பார்த்தவனுக்குக் கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே நிச்சயம் என்று தோன்றியிருக்கலாம்.

1949-ல் 'மங்கையர்க்கரசி' படத்தில் மூன்று வேடங்கள். அதே ஆண்டு 'ரத்னகுமார்' படத்தில், பாய்ஸ் கம்பெனிக் காலத்துத் தோழர் எம்.ஜி.ஆர். அவருக்கு அடுத்த நிலையில் நடித்தார். யார் முன்னால், யார் பின்னால் என்பது சில ஆண்டுகளில் தலைகீழாக மாறப்போகிறது என்று இருவருக்கும் அப்போது தெரிந்திருக்காது.

இத்தனைக்கும் நடுவில் குடி அவரைப் பிடித்திருந்தது. சிலம்பம் கட்டிய உடம்பை மது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தது. 1951 செப்டம்பர் 23. புதுக்கோட்டையில் என்.எஸ். கிருஷ்ணனின் 'மணமகள்' படம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர், ரத்தம் கக்கி இறந்துபோனார் என்பார்கள். வயது 35. அவர் நடித்து முடித்த 'சுதர்சன்' அவருக்குப் பிறகுதான் திரைக்கு வந்தது.

இன்று நம் தெருக்களில் கபடியும் சிலம்பமும் ஆடும் பிள்ளைகள் இந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். பளு தூக்கிப் பரிசு வாங்கிய உடம்புக்கே இந்தக் கதி. பாட்டிலுக்கு வீரனும் கோழையும் ஒன்றுதான்.

அவருக்குப் பிறகு

சின்னப்பா திறந்த வழியில் மற்றவர்கள் வந்தார்கள். 1956-ல் எம்.ஜி.ஆர். 'மதுரை வீரன்' ஆனார். அருந்ததியர் தெருக்களின் தெய்வமான அந்த வீரனும் காசி அரசனின் பிள்ளை, கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன் என்றே திரையில் வந்தான். 1958-ல் சிவாஜி கணேசன் 'காத்தவராயன்' ஆனார். இரண்டும் நம் மக்கள் கொண்டாடிய படங்கள். இரண்டும் அதே அச்சு. கொல்லப்பட்டவனைக் கும்பிடலாம், பாடலாம், நாயகனாக்கலாம். அவன் நம்மில் ஒருவன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளக்கூடாது.

இது பழைய சினிமாவைப் பற்றிய குறை மட்டுமல்ல. ஒரு காதலன் சாகும்போது, அவன் உண்மையில் உயர்ந்த பிறப்பு என்று சொன்னால்தான் பார்ப்பவனுக்கு அழுகை வருகிறது என்றால், அப்படிப் பிறக்காதவன் செத்தால் அழ வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அந்தப் பாடம் கொட்டகையை விட்டு வெளியே வந்து ஊருக்குள் நடமாடுகிறது.

நம் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை இருக்கிறது. 2003 ஜூலையில் அங்கே என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. படித்த தலித் இளைஞர் ஒருவரும், அவர் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வேறு சாதிப் பெண்ணும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2021-ல்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 18 ஆண்டுகள். அந்த இளைஞர் எந்தக் கடவுளின் சாபத்திலும் பிறக்கவில்லை. அந்தப் பெண் தேவலோகத்திலிருந்து வரவில்லை, உறக்கத்தில் அவருக்குத் தாலி கட்டப்படவுமில்லை. தன் விருப்பத்தைத் தானே கையெழுத்துப் போட்டுச் சொன்னவர். இருவரும் மனிதர்கள். அது போதாதா?

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ காத்தவராயன், மதுரை வீரன் போன்ற காவல் தெய்வங்களின் கதை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். பூசாரி, பம்பைக்காரர், கூத்துக்காரர், வயல் வேலை செய்யும் பாட்டி என்று யாராக இருந்தாலும் சரி. அவர்கள் சொல்வதை அப்படியே செல்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்த இடத்தில் தெய்வப் பிறப்பு வருகிறது, எந்த வடிவத்தில் வரவில்லை என்று குறித்து வையுங்கள். பெண்ணின் குரல் எங்கே கேட்கிறது என்று தேடுங்கள். நா. வானமாமலை செய்த வேலையின் மீதி உங்கள் தெருவில் காத்திருக்கிறது.

பழைய படங்கள் கிடைத்தால் சின்னப்பாவைப் பாருங்கள். குரலையும் உடம்பையும் உழைத்துச் சம்பாதித்த கலைஞன் அவர். காத்தவராயனை லட்சக்கணக்கானவர்களின் கண்முன் நிறுத்தினார். அவர் கட்டியது வேடம். அந்த வேடத்துக்கு உரியவர்களின் கதையை, பிறப்பை மாற்றாமல், மெருகு பூசாமல் சொல்வது இனி நம் வேலை.